ஒன்று இருபது வண்டி

மஸ்ட் என்றால் தொண்ணூற்றைந்து சதவீதம் நிச்சயம் என்று ஆரோன் சார் போர்டில் எழுதினார். அதற்குக் கீழே மே, மைட், குட் மூன்றையும் ஒரே வளையத்துக்குள் போட்டு ஐம்பது சதவீதம் என்றார். கடைசியில் கான்ட், அது பூஜ்யம். எப்சிபாவுக்கு எரிச்சலாக வந்தது. என்னத்தை வைத்து அளந்தார்களாம் இந்தத் தொண்ணூற்றைந்தை? தெர்மாமீட்டர் வைத்தா, பி.பி. பட்டையைக் கட்டியா? வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைக்கு, திருநெல்வேலியில், மெயின் ரோட்டுச் செருப்புக்கடை மாடியில், சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை வகுப்பு. இருபத்துமூன்று பேர், அத்தனை பேரும் நர்ஸுகள், பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். "தரை ஈரமா இருக்கு, அப்ப என்ன நடந்திருக்கும்? இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட், மழை பெஞ்சிருக்கும்," என்றார் சார். ஏன், எவளாவது மாப் போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? வார்டில் தரை ஈரமாக இருந்தால் மழையா பெய்தது என்று அண்ணாந்து பார்க்கிறோம்? எப்சிபாவின் நோட்டுக்குள் ஒரு வெள்ளைத்தாள் நாலாக மடித்துக் கிடந்தது. மூன்று மணிக்குள் அதில் விளக்கக் கடிதம் எழுதி, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸான மேட்ரன் மேசையில் வைக்க வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதையும் மேட்ரனே சொல்லிக் கொடுத்தாயிற்று. அதுதான் கொடுமை. "அடுத்தது. ஒரு பொம்பள பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுறா. ஏன்? நீங்க சொல்லுங்க பாப்போம்." பரீட்சையில் தோற்றிருப்பாள் என்றாள் முன்வரிசைக்காரி. பர்ஸைத் தொலைத்திருக்கலாம் என்றாள் இன்னொருத்தி. புருஷன் அடித்திருப்பான் சார் என்று பின்னாலிருந்து ஒரு குரல், ஒரே சிரிப்பு. எப்சிபா கையைத் தூக்காமலே கேட்டுவிட்டாள். "பக்கத்துல போய் ஏம்மா அழுதேன்னு கேட்டா என்ன சார்? அவளுக்கு வாய் இருக்குல்லா?" ஆரோன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுட்டா அப்புறம் இந்தப் பாடமே கெடையாதேம்மா," என்றார். மறுபடியும் சிரிப்பு. எப்சிபா சிரிக்கவில்லை.

சிரிக்க என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதினாலாம் நம்பர் கட்டிலிலிருந்து ஆவுடையப்பன் என்கிற எழுபத்துநாலு வயசு மனிதர் கீழே விழுந்தார். நெற்றியில் ஆறு தையல், இடுப்பெலும்பில் கீறல். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர். விழுந்தபோது கட்டிலின் பக்கக் கம்பி இறங்கிக் கிடந்தது. கம்பி இறங்கியிருக்கிறது, டூட்டி எப்சிபா, அப்படியானால் எப்சிபாதான் இறக்கிவிட்டு ஏற்றாமல் போயிருப்பாள். முடிந்தது கதை. தரை ஈரம், மழை பெய்தது. அட பாவிகளா, அந்தக் கம்பியின் கொக்கி மூன்று மாதமாக உடைந்து கிடக்கிறதே, புகார்ப் புத்தகத்தில் மூன்று தடவை இதே கையால் எழுதி வைத்தேனே, அதைப் பார்க்கக் கண் இல்லையா? கொக்கி பிடிக்காத கட்டிலுக்கெல்லாம் வார்டில் ஒரு வழி இருக்கிறது. காயத்துக்குச் சுற்றுகிற துணிச் சுருளில் ஒரு முழம் கிழித்துக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எல்லா நர்ஸும் கட்டுவார்கள், மேட்ரனும் ஒரு காலத்தில் கட்டியவள்தான். ஆனால் கட்டியதாக எழுத முடியாது, ஏனென்றால் அப்படிக் கட்டக்கூடாது என்று சட்டம். எழுதவில்லை என்றால் செய்யவில்லை, அது முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம். ஆக, கட்டியவள் கட்டாதவள் ஆகிவிட்டாள். நல்லாயிருக்குடி உங்க நியாயம். புதன்கிழமை விசாரணை என்று நாலு பேர் ஏ.சி. ரூமில் உட்கார்ந்தார்கள். நிர்வாக அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டே, பேஷன்ட் என்ன சொல்கிறார் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டார். மேட்ரன் சார்ட்டைப் புரட்டி, "பேஷன்ட் கன்ஃபியூஸ்டு சார், செவ்வாக்கிழமை காலைலயே எழுதியிருக்கு," என்றாள். ஓ, புத்தி தடுமாற்றமா, சரி சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். எப்சிபாவும்தான் தலையாட்டினாள். அவளுக்கு வேறு பதற்றம். "கம்பி தானா எறங்குமாம்மா?" என்று அந்த அதிகாரி கேட்ட கேள்வியும், கேட்டபோது அவர் உதட்டோரத்தில் இருந்த அந்தச் சிரிப்பும் மூன்று நாளாக அவள் சோற்றில் கல்லாகக் கிடக்கிறது.

கட்டினேன். கட்டினேனா? கட்டினேன். இப்படியே நாலு நாளாகக் கேட்டுக் கேட்டு அந்த முடிச்சே கழன்றுவிடும் போலிருந்தது. திங்கட்கிழமையும் கட்டினாள், ஞாயிற்றுக்கிழமையும் கட்டினாள், ஒரே துணி, ஒரே கட்டில், ஒரே விரல். செவ்வாய்க்கிழமைக் கட்டு என்று எதைத் தனியாகப் பிரித்து எடுப்பது? ஒரு மணிக்கு வலி ஊசி போட்டாள். அது சார்ட்டில் இருக்கிறது. ஒன்று பத்துக்குக் கம்பியைத் தூக்கினாள். கத்தரிக்கோலை அடுத்த கட்டிலில் வைத்துவிட்டதால் துணியைப் பல்லால் கிழித்தாள். பல்லால் கிழிக்கக்கூடாது, எல்லோரும் கிழிப்பார்கள். அப்புறம் மருந்துச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு கீழே பார்மசிக்குப் போனாள். அங்கே வரிசையில் நின்றபோது கடைவாய்ப் பல்லுக்கிடையில் ஒரு நூல் சிக்கி, நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். நூல் வரவில்லை, கொஞ்சம் மருந்து வாடை, கொஞ்சம் மாவு ருசி. அந்த நூல்! அது செவ்வாய்க்கிழமை நூல்தான். அந்த நாக்கோடு நிற்கும்போதுதானே கூட டூட்டி பார்க்கிற ரெஜினா மூச்சிரைக்க ஓடி வந்து, "ஏ எப்சி, பதினாலு விழுந்துட்டாரு," என்றாள். கட்டினேன், சத்தியமாகக் கட்டினேன். ஆனால் பல்லிடுக்கு நூலை எந்தக் கமிட்டி சாட்சியாக எடுத்துக்கொள்ளும்? சார், என் நாக்குக்குத் தெரியும் என்றா எழுதுவது? போர்டில் சார் இப்போது கான்ட் ஹேவ் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவள் அதைச் செய்திருக்க முடியாது. ஊரில் யாராவது இந்த வாக்கியத்தைச் சொல்லி எப்சிபா கேட்டதே இல்லை.

புருஷன் எல்விஸ் அவளை விட்டுப் போன வருஷமும் அப்படித்தானே. மகள் ஜாய்ஸுக்கு அப்போது ஒரு வயசு. திருப்பூருக்கு வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். தெருவே கூடி முடிவு செய்துவிட்டது. இவ ஏதாவது செஞ்சிருப்பா. இல்லாட்டா ஆம்பள சும்மா போவானா? ஷிஃப்ட் டூட்டிக்காரிதானே, இருந்திருக்கும். கோயிலில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவள்கூட ஜெபம் முடிந்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒருத்தி, ஒரே ஒருத்தி, எப்சி என்னடி ஆச்சு என்று வந்து கேட்டாளா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்ல ஒன்றும் பெரிதாகக்கூட இல்லை. அவனுக்கு அங்கே இன்னொருத்தி இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் கேட்டால் கதை முடிந்துபோகுமே, அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் எதைப் பேசுவது? நாலு வருஷம் அதைத் தின்று விழுங்கித்தான் அயர்லாந்துக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே ஒரு முதியோர் இல்லம் அவளை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டது. இந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள், நடத்தை நல்லது என்று ஒரு சர்டிபிகேட் மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த ஒற்றைத் தாளில்தான் ஜாய்ஸின் பள்ளிக்கூடம், அம்மாவின் கண் ஆபரேஷன், இந்தத் தெருவை விட்டுப் போகிற வழி எல்லாம் இருக்கிறது. அது மேட்ரனுக்கும் தெரியும். தெரிந்துதான் நேற்று ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டீ கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள். "ஏ எப்சி, நான் ஒன்னயக் குத்தம் சொல்லல. நீதான் பண்ணினேன்னு எழுதச் சொன்னேனா? கம்பி பூட்டாம விடப்பட்டிருக்கலாம். அவ்வளவுதான். ஒரே ஒரு இருக்கலாம். அவரு மகனும் சமாதானம் ஆயிருவாரு, திங்கக்கிழமை சர்டிபிகேட் உன் கைல. இல்லன்னா கமிட்டி ரிப்போர்ட்ல மஸ்ட் ஹேவ்னு போகும், பொறவு என் கைல இல்ல." டீயில் சர்க்கரை கூட. அந்தத் தித்திப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. தொண்ணூற்றைந்து உனக்கு வேண்டாமா, இந்தா ஐம்பது வாங்கிக்கொள் என்கிறாள், மீன்காரியிடம் பேரம் பேசுகிற மாதிரி. நான் செய்யாததில் பாதியை நான் செய்ததாக ஒத்துக்கொள்ள வேண்டுமாம், அதற்கு டீ வேறு.

"எப்சிபா, நீங்க சொல்லுங்க," என்றார் சார். அவள் எழுந்தாள். என்ன கேள்வி என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் தாளை நகர்த்திக் காட்டினாள். ஜான் போன் எடுக்கவில்லை. "ஹி மைட் பி ஸ்லீப்பிங்," என்றாள், உட்கார்ந்தாள். தூங்கிக்கொண்டிருக்கலாம். குளித்துக்கொண்டிருக்கலாம். செத்துக்கூடக் கிடக்கலாம், உனக்கென்ன, வளையத்துக்குள் ஒரு விடை விழுந்தால் போதும். எழுதிக் கொடுத்துவிட்டால்தான் என்ன? ஆமாம், என்ன? ஒரு வார்த்தைதானே. யார் அதைப் படிக்கப்போகிறார்கள்? அலமாரியில் கிடந்து பூச்சி அரிக்கும். ஜாய்ஸ் ஏரோப்பிளேனில் ஜன்னலோரம் உட்காருவாள். இல்லை, எவளாவது படிப்பாள். பூச்சியும் படிக்கும். இன்றைக்கு இருக்கலாம் என்று எழுதினால் நாளைக்கு அவர்கள் இருந்திருக்கும் என்று வாசிப்பார்கள், நாளை மறுநாள் இருந்தது என்பார்கள். அந்தத் தெருவில் அப்படித்தானே ஏறியது, படிப்படியாக, குழாயடியில் தொடங்கிக் கோயில்வரை. காலையில் ரெஜினா போனில் சொன்னதும் எங்கோ ஓரமாக வந்து போயிற்று. "ஒன் பதினாலாம் நம்பரு ஒரே ரகளைட்டி. எந்திரிக்கணும் எந்திரிக்கணும்கார். கன்ஃபியூஸ்டுல்லா, அதான் ரெண்டு கையயும் கம்பியோட கட்டிப் போட்டாச்சு." ஐயோ பாவம் என்று இவளும் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, "அத விடு, மேட்ரன் வேற ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டாள்.

அப்போது கீழே ரோட்டில் ஒரு பஸ் போனது. சும்மா போகவில்லை, நாலு சுரத்தில் ஊதிக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, சார் பேச்சை நிறுத்திவிட்டு அது போய்த் தொலையட்டும் என்று சாக்பீஸோடு நின்றார். "தென்காசி வண்டி. டெய்லி இதே நேரம், இதே ஊத்து," என்றார். எப்சிபா சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தில் ஒன்று இருபது. ஒன்று இருபது தென்காசி. இதை எங்கே கேட்டாள்? இந்தக் குரலில் இல்லை, கிழட்டுக் குரலில், கீழேயிருந்து. தரையில் ரத்தத்தோடு கிடந்தவரைத் தூக்கும்போது, இவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார். "ஒன்னு இருபது தென்காசி போன பொறவுதாம்மா கட்ட அவுத்தான்." மேட்ரன் சிரித்தாள். பாவம், தென்காசிக்கு வண்டி ஏறப் போறாரு என்றாள். எப்சிபாவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்ததே, வந்ததா இல்லையா? வந்தது. கட்டை அவிழ்த்தான். அவிழ்த்தான் என்றால் கட்டு இருந்திருக்கிறது! அவர் பார்த்திருக்கிறார். நாலு நாளாக ஊரெல்லாம் சாட்சி தேடினேனே, சாட்சி கட்டிலிலேயே அல்லவா கிடக்கிறது. ஆனால் அவர் கன்ஃபியூஸ்டு. யார் சொன்னது? சார்ட்டில் இருக்கிறது. சார்ட்டில் யார் எழுதியது? செவ்வாய்க்கிழமை காலை அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே கிடந்தார். எட்டு நாற்பது பாபநாசம். ஒன்பது அஞ்சு செங்கோட்டை. ஒன்பது இருபது கூட்டமா போகுது. பதினோரு பேஷன்ட், ஒருத்தருக்கு டிரிப் நின்றுபோச்சு, இன்னொருத்தர் வாந்தி. கிழவருக்கு வயசு எழுபத்துநாலு, ஆபரேஷன் முடிந்து மூணாம் நாள், சம்பந்தமில்லாத பேச்சு. உளறல்தான். நடந்துகொண்டே எழுதினாள், கன்ஃபியூஸ்டு. அப்படி எழுத வேண்டுமென்றால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உங்க பேரென்ன, இது எந்த இடம், இப்ப மணி என்ன? மூன்றையும் அவள் கேட்கவில்லை. அட்மிஷன் அன்று அவர் மகன் சொன்னானே, "அப்பா பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தாவ, முப்பத்தோரு வருஷம்." இவளும் அதைப் படிவத்தில் ஒரு மூலையில் எழுதினாள். பதினாலாம் நம்பர் ஜன்னலோரக் கட்டில். அந்த ஜன்னலுக்குக் கீழேயும் இதே ரோடுதான். அந்த மனிதர் உளறவில்லை. படுத்த இடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், போகிற வண்டிகளை எல்லாம் மணி பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அடியே எப்சிபா, நீயும் தரை ஈரத்தைப் பார்த்து மழை என்று எழுதினவள்தானடி. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் கமிட்டி அவரைக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கேம்மா," என்றார் சார். "கேக்கப் போறேன் சார்," என்றாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. படியில் இறங்கும்போதும் வெயிலில் வேகமாக நடக்கும்போதும் கோபம் கூடவே வந்தது, ஆனால் இப்போது அது எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் அவளுக்குள்ளேயே முட்டிக்கொண்டது. மேட்ரனைத் திட்டத் தொடங்கினால் பாதியில் தன் பேரே வந்து விழுந்தது. ஆஸ்பத்திரி ஒரே ரோட்டில் பத்து நிமிஷ நடை. வாட்ச்மேன் வணக்கம் வைத்தான். மாடி வார்டில் ரெஜினா இவளைப் பார்த்ததும் பதறினாள். "ஏ, மேட்ரன் பாத்தா தொலைச்சிருவா. டூட்டி இல்லாம ஏன் வந்தே?" எப்சிபா நிற்கவில்லை. ஆவுடையப்பன் மல்லாக்கக் கிடந்தார், நெற்றியில் பிளாஸ்திரி, நாலு நாள் தாடி. இரண்டு மணிக்கட்டும் துணிச் சுருளால் கம்பியோடு கட்டியிருந்தது, அதே துணி, இவள் போடுகிற அதே முடிச்சு. தோல் சிவந்து வரியோடிப் போயிருந்தது. மகன் சாப்பிடப் போயிருந்தான். எப்போதும் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அது வாயில் வரவில்லை.

"அய்யா, செவ்வாக்கிழமை கம்பிக் கட்ட அவுத்தது யாரு?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கேக்கதுக்கு நாலு நாளாச்சா?" என்றார். "கழுத்துல கொழாய் போட்டுக்கிட்டு வருவானே, அந்தச் சின்ன டாக்டர். ஒன்னு இருபது தென்காசி போச்சு. ஒன்னு இருபத்தஞ்சுக்கு அவன் வந்தான். கட்ட அவுத்து, வயித்த அமுக்கிப் பாத்தான். போன் வந்துச்சு, பேசிக்கிட்டே போயிட்டான். நான் தண்ணி எடுக்கத் திரும்புனேன், கம்பி இருக்குன்னு நெனச்சுக் கைய வச்சேன். அன்னைக்கே எல்லார்ட்டயும் சொன்னேன். ஒங்க பெரிய நர்ஸம்மா சிரிச்சா."

போதும். இது போதும். ஒன்று இருபத்தைந்துக்கு அவள் பார்மசியில் நின்றதற்கு அங்கே நோட்டில் கையெழுத்தும் நேரமும் இருக்கிறது. ஓடிப் போய் மேட்ரன் மூஞ்சியில் எறிந்துவிடலாம். கால் திரும்பிவிட்டது. அப்போது அவர் துணி விட்ட அளவுக்குக் கையைத் தூக்கினார்.

"நானும் ஒன்னு கேக்கட்டுமா? என்னயப் புத்தி கலங்குனவன்னு எழுதுனது யாரு? மவன்ட்டக் கேட்டேன், ஆஸ்பத்திரில எழுதியிருக்குங்கான். ஆஸ்பத்திரிக்குக் கையா இருக்கு, எழுத?"

ரெஜினா அடுத்த கட்டிலில் டிரிப்பைச் சரிசெய்வதுபோல் நின்றாள். டாக்டர் எழுதியிருப்பார் என்று சொல்லலாம். யாராவது எழுதியிருக்கலாம் என்று சொல்லலாம். வாயில் வந்து நின்ற அந்த வார்த்தையின் வழவழப்பு அவளுக்கு அருவருத்தது.

"நான்தான் அய்யா எழுதுனேன்."

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எப்சிபா குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒன்று இறுகிப்போயிருந்தது, பல்லால்தான் இழுக்க வேண்டியிருந்தது. அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினாள். சார்ட்டில் எழுதினதை அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி விட்டு, சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். அந்த ஒரு கோட்டை மேட்ரன் பார்த்தால் போதும். தப்பாக எழுதுகிறவள்தானே நீ, உன் வாயாலேயே சொல்லிவிட்டாயே என்று பிடித்துக்கொள்வாள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். மனசுக்குள் ஜாய்ஸ் ஏரோப்பிளேனின் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றாள், எங்கே போவது என்று அம்மாவைப் பார்த்தாள். "ஏ எப்சி, வேண்டாம்ட்டி," என்றாள் ரெஜினா மெதுவாக.

"அய்யா, மூணு கேள்வி கேக்கணும். அன்னைக்கே கேட்டிருக்கணும். உங்க பேரென்ன?"

"ஆவுடையப்பன். அப்பா பேரு வேணுமா, சங்கரலிங்கம்."

"இப்ப எங்க இருக்கிய?"

"கேடுகெட்ட ஒங்க ஆஸ்பத்திரில. பதினாலாம் நம்பர் கட்டில்ல."

"மணி என்னய்யா?"

சுவர்க் கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது, அவருக்குத் தெரியாது. வாட்ச் மகனுடைய பையில். அவர் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். தூரத்தில் ஒரு வண்டி ஊதியது.

"ஒன்னு நாப்பத்திநாலு," என்றார். "பாபநாசம் நாலு நிமிஷம் லேட்டு."

எப்சிபா தன் வார்த்தையின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள், கேட்காமல் எழுதியது தவறு, பேஷன்ட் தெளிவாக இருக்கிறார். கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, கடிகாரத்தைப் பார்க்காமலே, ஒன்று நாற்பத்திநாலு என்று நேரத்தை எழுதினாள்.